கையால் திருகிய நட்டு

விக்கியின் வண்டிக்கு எழுபது வரைக்கும் ஒரு குறையும் கிடையாது. எண்பதைத் தொட்டால்தான் அதற்குச் சாமி வரும். முதலில் பின்பக்கம் லேசாக நெளியும். அப்புறம் அந்த நெளிவு ஹேண்டிலுக்கு ஏறி, ஓட்டுகிறவனின் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கும். பழைய இருநூறு சிசி வண்டி, இரண்டு பேர் ஓட்டிக் களைத்து விற்றது. வாங்கிய எட்டு மாதத்தில் எண்பதுக்கு மேல் அவன் போனது மொத்தம் நான்கே தடவை. நான்கு தடவையும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு திரும்பி வந்து, பெற்ற அப்பாவிடம் மூச்சு விடாமல், பென்னியிடம்தான் சொன்னான்.

அப்பா ஜெயவேலுவும் பென்னியும் கூட்டாளிகள். மாடம்பாக்கம் மெயின் ரோட்டில் பன்னிரண்டு வருடமாக டூ வீலர் ஒர்க்‌ஷாப் நடத்துகிறார்கள். இன்ஜினும் வயரிங்கும் ஜெயவேலு பார்ப்பார். சக்கரம், பிரேக், ஹேண்டில், ஷாக் அப்சார்பர் எல்லாம் பென்னியின் இலாகா. வண்டி ஆடுகிறது என்று மகன் சொன்னால் ஜெயவேலு ஒரே வார்த்தையில் வைத்தியம் சொல்லிவிடுவார்: "வித்துத் தொல." அதனால்தான் விக்கி அந்தப் பக்கமே போகவில்லை.

பென்னி டயரை மாற்றிப் பார்த்தான். காற்றைக் கூட்டினான், குறைத்தான். ஹேண்டிலின் கழுத்துக்குள் உட்கார்ந்திருக்கும் கோன் செட்டைப் புதிதாகப் போட்டான். முன்சக்கரத்தைத் தோளில் போட்டுக்கொண்டு திருமுடிவாக்கம் வரைக்கும் போய் ரிம்மின் கோணல் எடுத்து வந்தான். வண்டி எதற்கும் மசியவில்லை. வேறு மெக்கானிக்காக இருந்தால் கோன் செட்டை ஒரு சுற்று அதிகமாக முறுக்கி, ஹேண்டிலைக் கல் மாதிரி ஆக்கி, "ஆட்டம் போச்சு சார்" என்று சாவியைக் கொடுத்திருப்பான். அப்படி முறுக்கினால் நின்ற இடத்தில் ஆடாது, ஓடும்போது நேராகப் போகாது. அந்த ஏமாற்று வேலை பென்னிக்குப் பிடிக்காது. ஆட்டத்தை நிறுத்த முடியவில்லை என்பது அவனுக்குச் சோற்றில் கல் மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் சிக்கியது. வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, பின்சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பக்கவாட்டில் இழுத்தபோது ஓர் அரிசி அளவுக்கு அசைந்தது. சக்கரம் அல்ல, சக்கரத்தைத் தாங்குகிற ஸ்விங் ஆர்மே அசைந்தது. அது சேஸிசோடு சேரும் இடத்தில் குறுக்கே ஒரு நீளமான போல்ட்டு இருக்கும். அதைச் சுற்றியிருந்த புஷ் என்கிற குழாய் வளையம் தேய்ந்து வாயைப் பிளந்திருந்தது. பென்னி தனியாக உட்கார்ந்து சிரித்தான். எட்டு மாதம் தலையில் தேடிய வியாதி இடுப்பில் இருந்திருக்கிறது.

மறுநாள் ஆயுத பூஜை. மத்தியானத்துக்குள் புதுப் புஷ் இறக்கி, போல்ட்டை உள்ளே விட்டு, நட்டைக் கையால் திருகிவிட்டான். கடைசி முறுக்குதான் பாக்கி. அந்த நேரம் பார்த்து அவன் மனைவி காந்திமதி தாம்பரம் ஸ்டேஷனில் இறங்கிவிட்டதாகப் போன் வந்தது. பத்தொன்பதாம் நம்பர் ஸ்பேனரை நட்டின் மேலேயே மாட்டிவிட்டுக் கிளம்பினான்.

அது அந்தக் கடையின் சட்டம். பாதியில் எழுந்து போனால் ஸ்பேனரை நட்டிலேயே விட்டுப் போக வேண்டும். ஸ்பேனர் தொங்கினால் வேலை பாக்கி. அடுத்து யார் பார்த்தாலும் முறுக்கிவிட்டு எடுக்க வேண்டும். ஸ்பேனர் இல்லையென்றால் வேலை முடிந்தது. பன்னிரண்டு வருடத்தில் இந்தச் சட்டம் ஒரு தடவைகூடக் காலை வாரியதில்லை.

விஜயதசமி காலை ஏழு மணிக்கு விக்கி வந்தான். விழுப்புரத்தில் கூடப் படித்தவனுக்குக் கல்யாண ரிசப்ஷன். மற்ற பையன்கள் திண்டிவனத்தில் சேர்ந்துகொள்வதாக ஏற்பாடு. ஜெயவேலு இன்னும் கடைக்கு வரவில்லை. பென்னி ஷட்டரைத் தூக்கி வண்டியை ஒரு பார்வை பார்த்தான். நட்டின் மேல் ஸ்பேனர் இல்லை. ஜெயவேலு அண்ணன் முறுக்கிவிட்டார் என்று நினைத்துக்கொண்டான். மறுபடி தொட்டுப் பார்க்கலாம் என்றால் கருவிகள் எல்லாம் சாமி படத்துக்கு முன்னால் சந்தனமும் குங்குமமுமாக உட்கார்ந்திருந்தன. ஜெயவேலு வந்து கற்பூரம் காட்டும் வரைக்கும் அவற்றை யாரும் எடுக்கக் கூடாது. பென்னி ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவன்தான், ஆனாலும் கூட்டாளியின் பூஜையைக் கலைக்க மாட்டான்.

"மாமா, இனிமே ஆடாதுல்ல?" என்றான் விக்கி, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே.

"பாலாத்துப் பாலம் வரைக்கும் லீவு கும்பல் இருக்கும். அறுவதுக்கு மேல போவாத. பாலம் தாண்டுனா ரோடு காலியா கெடைக்கும். அங்க நூறு போய்ப் பாரு. பாத்துட்டு எனக்குப் போன் பண்ணு."

எட்டு மாதத் தோல்விக்குப் பிறகு கிடைத்த வெற்றி. அதைக் காதால் கேட்க வேண்டும் என்று பென்னிக்கு அவ்வளவு ஆசை.

ஏழே முக்காலுக்கு ஜெயவேலு வந்து கற்பூரம் காட்டினார். பென்னி கருவிகளை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பலகையில் மாட்டினான். பத்தொன்பதாம் நம்பர் கைக்கு வந்தது.

"ண்ணா, விக்கி வண்டில எவ்ளோ டைட் வச்ச? புது புஷ்ஷாச்சே, ரொம்ப வச்சா புடிச்சிக்கும்."

"நா எங்க டைட் வச்சேன்? ஸ்பேனரு, கட்டிங் பிளேரு, சுத்தி, கண்ணுல பட்டதெல்லாம் பொறுக்கி பக்கெட்டுல போட்டுக் கழுவி..."

ஜெயவேலு அத்தோடு நிறுத்திவிட்டார்.

"வண்டி எங்க கீது?" என்று கேட்டார். வண்டி நின்ற இடம் காலியாக இருப்பதை அவர் கண்ணாலேயே பார்த்துக்கொண்டுதான் கேட்டார்.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் போனை எடுத்தார்கள். ஒரே எண்ணுக்கு இரண்டு பேரும் அடித்தால் என்ன ஆகும், பென்னிக்கு பிஸி என்று வந்தது. மறுபடி அடித்தான், மறுபடி பிஸி. ஜெயவேலுவுக்கு மணி அடித்தது, எடுக்கவில்லை. திரும்ப அடித்தார். இந்தத் தடவை இரண்டாவது மணியிலேயே வெட்டப்பட்டது.

"கட் பண்றான் பென்னி. ஹெல்மெட்டுல ஹெட்செட் வச்சிக்கினு, எம்பேரப் பாத்து கட் பண்றான்."

காலையில் வீட்டில் அப்பாவுக்கும் மகனுக்கும் சண்டை. இந்த ஓட்டை வண்டியில் விழுப்புரம் போகாதே, பஸ்ஸில் போ என்று ஜெயவேலு கத்தியிருந்தார். திரும்பி வரச் சொல்லத்தான் அப்பா அடிக்கிறார் என்று விக்கி நினைத்திருப்பான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை.

பென்னி நட்டு டப்பாவில் கையை விட்டு அள்ளிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். ஸ்பேனரை ஸ்கூட்டரின் முன் பைக்குள் திணித்தான். ஜெயவேலு பின்னால் ஏறினார். ஹெல்மெட் இரண்டு பேருக்குமே நினைவில்லை. அகரம்தென் வழியாக வண்டலூருக்கு விட்டார்கள். பையன் கிளம்பி ஐம்பது நிமிடம் ஆகிவிட்டது. பென்னி கணக்குப் போட்டுக்கொண்டே ஓட்டினான். வண்டலூரில் நெரிசல், பரனூர் டோலில் கொஞ்சம், செங்கல்பட்டு பைபாஸில் கொஞ்சம். அறுபதுக்கு மேல் போகாதே என்று சொல்லியிருக்கிறான், பையன் சொன்ன பேச்சைக் கேட்பான். அவன் கேட்பான் என்பதுதான் ஆபத்து. நூறு போ என்றும் சொல்லியிருக்கிறானே.

கையால் திருகிய நட்டு எவ்வளவு தூரம் தாங்கும்? ஊருக்குள் மெதுவாகப் போனால் ஒன்றும் தெரியாது. வண்டியின் அதிர்வில் அது அரை அரைச் சுற்றாகக் கழன்றுகொண்டே வரும். நட்டு போன பிறகு போல்ட்டு நகரும். போல்ட்டு ஒரு பக்கம் விட்டுப்போனால் பின்சக்கரம் எந்தப் பக்கம் திரும்புகிறதோ வண்டி அந்தப் பக்கம்தான் போகும். அப்போது ஹேண்டிலைப் பிடித்திருப்பதும் ஒன்று, விட்டுவிடுவதும் ஒன்று. பக்கத்தில் லாரி இல்லாமல் இருந்தால் அது ஆண்டவன் கிருபை. பென்னி இதையெல்லாம் யோசிக்கக் கூடாது என்று நினைத்து நினைத்து யோசித்தான்.

வண்டலூர் சிக்னலில் கார்கள் அடைத்துக்கொண்டு நின்றன. மூன்று நாள் லீவு, பாதிச் சென்னை அந்த ரோட்டில்தான் இருந்தது.

"நீ கை வச்சிப் பாத்திருக்கலாம்ல பென்னி," என்றார் ஜெயவேலு, முதுகுக்குப் பின்னாலிருந்து. "ஒரு வாட்டி, ஒரே ஒரு வாட்டி கை வச்சிருந்தா..."

"நீ எடுக்கறப்போ பாத்திருக்கலாம்ல? ஸ்பேனர் தொங்கினா இன்னா அர்த்தம்னு உனக்குத் தெரியாதா?"

"சாமிக்கு வைக்கத்தான எடுத்தேன்."

"அப்போ அந்தச் சாமியையே டைட் வைக்கச் சொல்லு."

சொன்ன மாத்திரத்தில் பென்னிக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. பென்னியின் தோளைப் பிடித்திருந்த ஜெயவேலுவின் கை தளர்ந்து, பிறகு முன்னைவிட இறுக்கமாகப் பிடித்தது. தேனுபுரீஸ்வரா, தேனுபுரீஸ்வரா என்று ஊர்க் கோயில் ஈசனை முணுமுணுத்துக்கொண்டே அவர் மறுபடி மறுபடி மகனுக்கு அடித்துக்கொண்டிருந்தார். மறுபடி மறுபடி மகன் வெட்டிக்கொண்டிருந்தான்.

ஊரப்பாக்கம் தாண்டிக் கூடுவாஞ்சேரியில் பென்னிக்குச் சட்டென்று உறைத்தது. ரோட்டோரமாக ஸ்கூட்டரை நிறுத்தினான்.

"ண்ணா, நீ பண்றத நிறுத்து. உன் போனத்தான் அவன் எடுக்க மாட்டேன்றான். நீ அடிச்சிக்கினே இருந்தா என்னுது போவாது."

ஜெயவேலு போனைக் காதிலிருந்து எடுத்தார். அவர் முகத்தைப் பார்க்கப் பென்னிக்குத் தெம்பில்லை. அவன் அடித்தான். ஒரே மணியில் எடுத்தான் விக்கி.

"மாமா, நானே பண்ணலாம்னு இருந்தேன்." காற்று இரைந்தது. குரலில் அப்படி ஒரு சந்தோஷம். "பாலம் தாண்டிட்டேன். தொண்ணூத்தி நாலு போவுது. கல்லு மாதிரி கீது மாமா. ஒரு துளி ஆட்டம் இல்ல."

நிறுத்து என்று கத்தினால் பையன் பதறிப் பிரேக்கை மிதிப்பான். மிதித்தால் அந்தப் போல்ட்டு என்ன நிலையில் இருந்தாலும் மிச்சமும் போய்விடும். ஜெயவேலு போனைப் பிடுங்க வந்தார். பென்னி இடது கையால் அவர் வாயைப் பொத்தினான். பன்னிரண்டு வருடத்தில் அவரை அவன் அப்படித் தொட்டதே இல்லை.

"சூப்பர்டா," என்றான். எங்கிருந்து அந்தக் குரல் வந்தது என்று அவனுக்கே தெரியவில்லை. "இப்போ எனக்கு இன்னொரு டெஸ்ட் பாத்துச் சொல்லு. பிரேக்கத் தொடவே கூடாது, முன்னதும் சரி பின்னதும் சரி. கியரும் மாத்தாத. ஆக்சிலேட்டர கொஞ்சம் கொஞ்சமா வுட்டுக்கினே வா. லெஃப்ட்ல ஒதுங்கி நேரா போ. முள்ளு எறங்க எறங்க எனக்கு நம்பர் சொல்லு."

"எதுக்கு மாமா?"

"ஏத்தறப்போ ஆடலன்னா போதாதுடா. எறக்கறப்போ ஆடக்கூடாது. அதுதான் உண்மையான டெஸ்ட்டு."

"சரி. தொண்ணூறு."

பக்கத்தில் ஒரு கார்க்காரன் ஹாரன் அடித்தான். பென்னி காதோடு போனை அழுத்திக்கொண்டான். பொத்திய கைக்கடியில் ஜெயவேலுவின் மூச்சு சூடாக வந்து வந்து போனது.

"எண்பத்தஞ்சு. எண்பது."

"மெதுவா. அவசரமே இல்ல."

"எழுவத்தி ரெண்டு. மாமா, பின்னாடி என்னமோ நெளியுது."

போனிலிருந்து கசிந்த குரலுக்கு ஜெயவேலுவின் உடம்பு துள்ளியது. பென்னி அவரைக் கழுத்தோடு சேர்த்து அணைத்துக்கொண்டான்.

"நெளியும்டா, எதிர்பாத்ததுதான். ஹேண்டில இறுக்காத, கோழிக்குஞ்சப் புடிக்கிற மாதிரி லூசா புடி. ஒடம்ப அசைக்காத. பிரேக் வேணாம். நம்பர் சொல்லு."

காற்று மட்டும் வந்தது. ஒரு பஸ் கடக்கும் சத்தம். இயேசப்பா, என் கையை எடுத்துக்கோ, அவனை விட்டுரு என்று பென்னி மனதுக்குள் பேரம் பேசினான். பேரம் பேசுகிறோமே என்ற வெட்கம்கூட அவனுக்கு அப்போது இல்லை.

"அம்பத்தி அஞ்சு." குரல் மாறியிருந்தது. "மாமா, ரொம்ப ஆடுது. பின்சக்கரம் தனியா போவுது."

"நா இருக்கேன். பேசிக்கினே வா. நம்பர்."

"நாப்பத்தி எட்டு. நாப்பது. முப்பத்தி ரெண்டு."

"இப்போ கிளட்ச்சப் புடி. மண்ணுல எறக்காத, தார் மேலயே உருட்டு. தானா நிக்கட்டும்."

"இருவது. பத்து."

அப்புறம் ஒரு கட்டைச் சத்தம், செருப்பு தரையில் உரசும் சத்தம். "நின்னுடுச்சு," என்றான் விக்கி.

"எறங்கு. வண்டிய ஓரமாத் தள்ளி சைடு ஸ்டாண்டு போடு. தள்ளிப் போய் நில்லு. நாங்க வந்துக்கினே இருக்கோம்." இவ்வளவும் சொல்லிவிட்டுத்தான் பென்னி கையை எடுத்தான். கூடுவாஞ்சேரியில் ரோட்டோரம், ஏதோ மூடிய கடையின் படியில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். ஜெயவேலு அழவில்லை. ஸ்கூட்டரை மறுபடி ஸ்டார்ட் செய்து, "ஏறு" என்றார்.

பாலாற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் நான்கு கிலோமீட்டரில், ஒரு வேப்ப மரத்தடியில் விக்கி உட்கார்ந்திருந்தான். ஜெயவேலு வண்டியைப் பார்க்கவில்லை. நேராக மகனிடம் போய் அவன் தலையை, தோளை, முழங்கையை, மாடு வாங்க வந்தவர் மாதிரி தடவிப் பார்த்தார். விக்கி கூச்சத்தில் நெளிந்தான், ஆனால் விலகவில்லை.

பென்னி குனிந்து பார்த்தான். நட்டு இல்லை. போல்ட்டு இரண்டு விரல் அளவுக்கு வெளியே வந்திருந்தது. நுனி மட்டும் எதிர்ப்பக்கத்து ஓட்டையில் தொற்றிக்கொண்டிருந்தது.

"யாரு மாமா டைட் வைக்காம வுட்டது?"

"நாந்தான்டா," என்றான் பென்னி. "கை வச்சிப் பாக்காம குடுத்தேன்."

"பொய் சொல்றான். நா," என்றார் ஜெயவேலு. "ஸ்பேனர எடுத்தது நா."

விக்கி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கிக்கொள்ளும் தெம்பும் அவனிடம் இல்லை. தண்ணீர் பாட்டிலைத் திறந்து, குடிக்க மறந்து, கையிலேயே வைத்திருந்தான்.

பென்னி போல்ட்டை உள்ளே தட்டினான். சட்டைப் பையிலிருந்து பொருந்துகிற நட்டைப் பொறுக்கினான். ஸ்பேனரை மாட்டியும் கை முறுக்கத் துணியவில்லை. ஆயிரக்கணக்கில் நட்டு முறுக்கிய கை. ஜெயவேலு ஸ்பேனரை வாங்கி முறுக்கினார். பென்னி திரும்ப வாங்கிச் சோதித்தான். ஜெயவேலு மறுபடி வாங்கினார். இரண்டு பேரும் தங்கள் கையையும் நம்பவில்லை, அடுத்தவன் கையையும் நம்பவில்லை. பிறகு சக்கரத்தைப் பிடித்து இழுத்தார்கள். அசையவில்லை. இன்னொரு தடவை இழுத்தார்கள்.

"சரி மாமா, சாவியக் குடு," என்றான் விக்கி கொஞ்ச நேரம் கழித்து. "பசங்க திண்டிவனத்துல வெயிட் பண்ணுவாங்க."

போகாதே என்று ஜெயவேலு சொல்லப்போகிறார் என்று பென்னி காத்திருந்தான். அவர் சொல்லவில்லை. சாவியை பென்னியின் கையிலேயே விட்டுவிட்டு, மகனின் ஹெல்மெட்டை வாங்கி பென்னியின் தலையில் மாட்டிவிட்டார்.

"நீ இங்கயே நில்லு," என்றார் மகனிடம். பிறகு பென்னிக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்தார்.

"ண்ணா, டெஸ்ட்டுக்கு நா ஒருத்தன் போதும். உனக்கு ஹெல்மெட்டும் இல்ல."

"ரெண்டு பேர் கையும்தான பட்டுச்சு. எடு வண்டிய."

பென்னி எடுத்தான். கண்ணாடியில் விக்கி ரோட்டோரம் எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது, பிறகு சின்னதாகிப் போனான். அறுபது. எழுபது. எண்பது வந்தபோது பென்னியின் முதுகு தானாக விறைத்தது. இடுப்புக்குக் கீழே ஒரு நெளிவை, ஓர் அசைவை எதிர்பார்த்து உடம்பு முழுக்கக் காதாக உட்கார்ந்திருந்தான். ஒன்றுமில்லை. தொண்ணூறு. வண்டி தண்டவாளத்தில் போவது போலப் போனது. பென்னி மூச்சை விட்டான், ஆக்சிலேட்டரையும் கொஞ்சம் விட்டான்.

"எதுக்குக் கொறைக்கிற?" ஜெயவேலு ஹெல்மெட்டோடு வாயை வைத்துக் கத்தினார்.

"போதும்ணா. தொண்ணூறு பாத்தாச்சு."

இரண்டு தோளையும் பிடித்திருந்த அவர் கைகள் இறுகின.

"எம்புள்ளகிட்ட நூறுன்னுதான சொன்ன," என்றார். "ஏத்து."